ஐப்பசி முகூர்த்தமும் கன்னத்துக் கரும்புள்ளியும்



ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் திருநீர்மலைக்குத் தனிக் களை வந்துவிடும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் ரங்கநாதர். நின்ற, வீற்றிருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலத்திலும் பெருமாளைச் சேவிக்கக் கிடைக்கும் திவ்ய தேசம் என்பது ஊரின் பெருமை. முகூர்த்த நாளில் வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கல்யாணக் கூட்டம்தான். ஒரு ஜோடி மாலையும் கழுத்துமாக இறங்கும்போதே அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருக்கும். 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் இது மாறவில்லை. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்குச் செலவும் கையை மீறக் கூடாது, கல்யாணமும் கோயிலில் நடக்க வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்த மலைதான்.

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கும். "கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. பரு போன இடமெல்லாம் கரும்புள்ளி. எந்த சீரம் வாங்கினால் போகும்?" கேட்பவர்கள் மணப்பெண்கள் மட்டுமில்லை. அவர்களின் அம்மாக்கள், அத்தைகள், சமீப காலமாக மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை ஆசிரியர் பக்கம் கன்னத்துப் புள்ளிக்கு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் கரும்புள்ளியைப் போக்கும் நல்ல சீரம் எதுவும் கிடையாது. போக்கிவிட்டது என்றால் அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பயப்பட வேண்டும்.

காரணம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் சில செல்கள் தயாரித்து, சிறு சிறு பொட்டலங்களாகச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகின்றன. பருவோ கொசுக்கடியோ குக்கர் மூடி பட்ட சூடோ, தோல் எங்கே புண்பட்டாலும் நம் மாநிறத் தோலில் அந்த இடத்தில் மெலனின் கூடுதலாக இறங்கிவிடும். அதுதான் புள்ளி. சீரம் செய்வதெல்லாம் புதிதாக வரும் மெலனினைக் குறைப்பது. ஏற்கெனவே இறங்கிய கருமை மேலே வந்து உதிர்ந்துதான் போக வேண்டும். மேல்தோல் ஒரு சுற்று புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வயது கூடினால் இன்னும் தாமதம். ஆக, வித்தியாசம் தெரிய 8 முதல் 12 வாரம். ஐப்பசியில் முகூர்த்தம் என்றால் ஆடியிலேயே தொடங்க வேண்டும், தையில் என்றால் ஐப்பசியில். கருமை அடித்தோல் வரை இறங்கி நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சீரத்துக்கு அது மசியாது.

சரி, எதைத் தொடங்குவது? கடைகளில் அதிகம் விற்பது வைட்டமின் சி. அது 10 முதல் 20 சதவீதம் வரை, நல்ல புளிப்பில் இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். அதே குணத்தால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். வாங்கும்போது தண்ணீராகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்த சீரம், சித்திரை வெயிலில் ஜன்னலோர டிரஸ்ஸிங் டேபிளில் இருந்தால் சில வாரங்களில் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். டிராப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், பழுப்பாகிவிட்டால் அதில் பலன் இல்லை. 700 ரூபாய் கொடுத்தோமே என்று அதைப் பூசித் தீர்ப்பவர்கள் நிறையப் பேர். சின்ன பாட்டிலாக வாங்கி இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே நல்லது.

முதல்முறை சீரம் வாங்குபவருக்கு என் ஓட்டு நியாசினமைடுக்கு. மெலனின் பொட்டலங்கள் பக்கத்துச் செல்லுக்குப் போவதை அது தடுக்கிறது. 5 சதவீதமே போதும். விலையும் குறைவு, எரிச்சலும் குறைவு. 10, 15 என்று பெட்டியில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது வியாபாரம். பருவும் புள்ளியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அசெலிக் அமிலம் பொருந்தும். கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் பொதுவாகப் பயமில்லாமல் எழுதித் தருவது அதைத்தான். ரெட்டினால் வகைகளையும் ஹைட்ரோகுவினோனையும் கர்ப்ப காலத்தில் தொடவே கூடாது. டிரனெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மருந்து. 1979இல் ஜப்பானில் ஒரு டாக்டர் தோல் தடிப்புக்காக அதைக் கொடுத்தபோது, நோயாளியின் முகத்தில் மங்கு என்னும் கருந்திட்டு வெளிறுவதைத் தற்செயலாகக் கவனித்தார். இன்று அது சீரமாக வருகிறது. மாத்திரையாகச் சாப்பிடுவது வேறு விஷயம், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால் டாக்டர் சொல்லாமல் வாயில் போடக் கூடாது.

ஒரே நேரத்தில் ஒன்று போதும். முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ ஒரு சொட்டு தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள். "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பார்லரில் சொல்வார்கள். நம் தோலுக்கு அது நேர் எதிர். எரிச்சல் என்பதே ஒரு புண், அந்தப் புண்ணே புதுக் கரும்புள்ளி. காலையில் வைட்டமின் சி, இரவில் ரெட்டினால், நடுவில் கிளைகாலிக் அமிலம், ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழச் சாறு என்று ஒரு மாதம் போட்டவர்களின் முகம் முன்பைவிடக் கருத்துப்போவது இதனால்தான். எலுமிச்சையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும், ஆறிய பின் கருப்புத் திட்டு பல வாரம் நிற்கும். சமையலறையில் இருக்கிறது என்பதால் ஒரு பொருள் முகத்துக்கு நல்லதாகிவிடாது.

சீரத்துக்கு முன்னால் வாங்க வேண்டியது சன்ஸ்கிரீன். கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் சீரத்தை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்துப் பூச வேண்டும். வேர்வையில் கரைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. திருநீர்மலை சாலையிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி ஜி.எஸ்.டி. ரோட்டு சிக்னல்களில் நின்று நின்று வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு பூச்சு எத்தனை நேரம் தாங்கும்? துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. கெட்டித் துணியாக இருந்தால் அது நல்ல பழக்கமே. கன்னத்தில் பட்டாம்பூச்சி மாதிரி மங்கு இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத் தோலில் மங்கைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன்தான் அதற்குச் சரி.

எல்லாக் கருமையும் சீரத்துக்கான கருமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்கழுத்து வெல்வெட் போலத் தடித்துக் கருத்திருந்தால் தேய்த்துக் குளிக்காததால் வந்த அழுக்கு என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. சர்க்கரையைப் பரிசோதியுங்கள், எடையைக் குறைத்தால் கழுத்து தானாகவே வெளிறும். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் படுக்கப் போட்டபோது, காய்ச்சல் விட்ட பிறகு பலருக்கு மூக்கு நுனி கருத்தது. அது மெல்ல மெல்லத் தானே மறையக்கூடியது. குங்குமத்தில் கலக்கும் சாயத்தால் நெற்றி கருக்கும், ஸ்டிக்கர் பொட்டின் பசையால் அதே இடம் வெளுக்கவும் செய்யும். தலைக்குச் சாயம் பூசுகிறவர்களுக்கு நெற்றியோரமும் கன்னமும் கருத்தால் சந்தேகம் சாயத்தின் மேல்தான் போக வேண்டும். காரணத்தை நிறுத்தாமல் சீரத்தை ஊற்றி என்ன பயன்?

இனி நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான ஒரு கதை. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் தொழிற்சாலையால். நாகல்கேணிப் பக்கம் போனால் தோல் பதனிடும் நெடி இன்றைக்கும் மூக்கில் ஏறும். தோல் ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. முகத்தை வெளுக்கும் ரசாயனங்களின் கதை தொடங்குவதும் ஒரு தோல் ஷாப்பில்தான், அமெரிக்காவில். அங்கே தொழிலாளிகளுக்குக் கைகளைக் காப்பாற்ற கனமான ரப்பர் கையுறை கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் கையுறை மூடிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. 1939இல் டாக்டர்கள் துப்புத் துலக்கியபோது பதனிடும் ரசாயனங்கள் எதுவும் காரணம் இல்லை, ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த ஒரு பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. மோனோபென்சோன் என்பது அதன் பெயர். கூலிக்காரன் கையைக் கெடுத்த அந்தப் பொருளை முகத்துக்குப் பூசலாமா என்று பிற்பாடு யோசித்தார்கள். அது நிறச் செல்லையே கொன்றுவிடும், போன நிறம் திரும்பாது. உடம்பில் பெரும்பகுதி வெண்புள்ளியாகிவிட்டவர்களுக்கு மிச்ச நிறத்தையும் எடுக்க மட்டும் இன்று பயன்படுகிறது. அதன் சாதுவான உறவுக்காரன் ஹைட்ரோகுவினோன். மங்குக்கு டாக்டர்கள் இன்றும் எழுதுவது அதைத்தான்.

1975 இந்த விஷயத்தில் வேடிக்கையான ஆண்டு. அந்த வருடம்தான் அமெரிக்காவில் கிளிக்மேன், வில்லிஸ் என்ற இருவர் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே களிம்பில் கலந்த முறையை வெளியிட்டார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே என்ற டாக்டர், ஹைட்ரோகுவினோன் க்ரீம்களை ஆண்டுக்கணக்கில் பூசிய பெண்களின் கன்னம் வெளுப்பதற்குப் பதில் நீலக் கருப்பாகத் தடித்துப்போவதை எழுதினார். அதே வருடம் இங்கே 'ஃபேர் அண்ட் லவ்லி' கடைக்கு வந்தது. அந்த ட்யூபின் முக்கியச் சரக்கு நான் மேலே ஓட்டுப் போட்ட நியாசினமைடு. சரக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று வருடக்கணக்கில் வீட்டுக்குள் வந்து சொன்ன விளம்பரங்களின் மேல்தான் கோபம். அதை எதிர்த்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009இல் தொடங்கியது சென்னையில் கவிதா இம்மானுவேலின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு. 2014இல் விளம்பரத் துறையே அப்படிக் காட்டக் கூடாது என்று விதி போட்டுக்கொண்டது. 2020இல் ட்யூபின் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது.

பெயர் மாறியது. ஆனால் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் பேச்சு மாறவில்லை. "முகத்துக்கு ஏதாவது க்ரீம் கொடுங்கண்ணா" என்று கேட்டால் அந்த மூன்று சரக்குக் களிம்பையோ, படர்தாமரைக்கான ஸ்டீராய்டு களிம்பையோ சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் முகம் பளபளவென்று இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா என்ன பூசுகிறாய் என்று கேட்பார், அவருக்கும் ஒரு ட்யூப் போகும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும். பரு கொத்துக் கொத்தாக வரும், முடி முளைக்கும், வெயிலில் நின்றால் முகம் பற்றி எரியும். நிறுத்தினால் இன்னும் மோசம், அதனால் நிறுத்த முடியாது. இந்தக் கோலத்தை இத்தனை முகங்களில் பார்த்து, ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இந்தியத் தோல் டாக்டர்கள் அதற்குத் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு 2018இல் மத்திய அரசு இந்தக் களிம்புகளைச் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கும் பட்டியலில் கொண்டுவந்தது. ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் டாக்டர் எழுதாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருகிறவர் திடீரென்று தானே நிறுத்தாமல், டாக்டரிடம் போய்ப் படிப்படியாக விடுவதுதான் முறை.

ஸ்டீராய்டுகூட முகத்தோடு போகும். சில வெளுப்பு க்ரீம்களில் கலக்கும் பாதரசம் கிட்னி வரை போகும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே மருத்துவமனைக்கு ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே அரிய ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். கால் வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர், இவைதான் அடையாளம். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதே நோயைப் பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடமும் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'மூலிகை' என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். சித்த மருந்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த மருத்துவரைப் பார்க்கலாம், முகவரி இல்லாத டப்பாவை நம்பத் தேவையில்லை.

நம் சட்டப்படி முகப்பூச்சில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் போகக் கூடாது. பிடிபட்ட க்ரீம்களில் அதைப்போல் பல ஆயிரம் மடங்கு இருந்ததுண்டு. அந்த டப்பாக்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பூசவும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும், அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. கல்யாணப் பெண் நகையைக் கழற்றி வைத்துவிட்டு அதை முகத்தில் பூசிக்கொள்கிறாள்!

பெரிய கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், அதற்கும் ஜப்பான் பதில் சொல்லியிருக்கிறது. கனேபோ நிறுவனம் அரசு அனுமதியோடு ரோடோடென்ட்ரால் சேர்த்து விற்ற வெளுப்புப் பூச்சுகளை 2013இல் திரும்பப் பெற்றது. பல்லாயிரம் பேர் முகத்திலும் கழுத்திலும் வெண்திட்டு விழுந்த பிறகு. அதனால் எந்தப் பூச்சாக இருந்தாலும் தோல் திட்டாக வெளுக்க ஆரம்பித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

வாங்கும்போது பெட்டியில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், சரக்குகளின் பட்டியல், காலாவதித் தேதி. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவர் முகவரியும். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, வாட்ஸ்அப்பில் ஒரு அக்கா விற்பது என்றால் இதெல்லாம் இருக்காது.

மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் குறையாத புள்ளி, பரவும் புள்ளி, அரிக்கும் புள்ளி, உருவம் மாறும் மச்சம், இவற்றைத் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பீஸுக்குப் பயந்து தள்ளிப் போட வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டு பக்கமும் போகலாம். வீட்டில் இதுவரை பூசிய ட்யூப், டப்பா, பாட்டில் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன பூசினோம் என்று வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அந்தப் பை அதிகம் சொல்லும்.

கல்யாண வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண்ணைப் பார்லருக்கு அழைத்துப் போய் அவள் இதுவரை செய்துகொள்ளாத ப்ளீச்சையோ பீலையோ செய்ய வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் புள்ளியை அன்றைக்கு மேக்கப் பார்த்துக்கொள்ளும். "கொஞ்சம் நிறம் கம்மிதான்" என்று சம்பந்தி வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது பெண்ணின் காதுக்குப் போனால் அடுத்த நாள் அவள் நிற்கும் இடம் மெடிக்கல் ஷாப் கவுண்டராகத்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்